மொத்தம் என்று ஒரு சுவர் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை மதியம், வேலூரில் என் மேசைக்கு எதிரே ஒரு காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்த எஸ்டிமேட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "நம்ம ஆரணி கன்னியப்பன் மேஸ்திரி போயிட்டாரு சார். இன்னிக்குக் காலையில. டீ குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்."

"அப்படியா" என்றேன். அடுத்த வரியைப் படித்தேன். அதற்கடுத்த வரியையும் படித்தேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆரணிக்குப் போனேன். போய் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் ஆரணியில் நிறையப் பேர். தெரியாதவர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்குக் கடன் தீரும்வரை இன்சூரன்ஸ் கட்டாயம். மழையிலோ காற்றிலோ வீடு இடிந்தால், வீட்டுக்காரர் ஒரு காண்ட்ராக்டரிடம் பழுதுபார்க்கும் செலவுக்கு எஸ்டிமேட் வாங்கிக் கொடுப்பார். நான் நேரில் போய்ப் பார்த்து, இவ்வளவு கொடுக்கலாம் என்று அறிக்கை எழுதுவேன். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காண்ட்ராக்டர் கூட்டி எழுதுவார், சர்வேயர் மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார். இரண்டு பேருக்கும் இது தெரியும். வெட்டாத அறிக்கை மேலே போனால், "இவன் எவ்வளவு வாங்கினான்?" என்றுதான் கேட்பார்கள். அதனால் நானும் வெட்டினேன். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ என்னவோ, எனக்கு அது வசதியாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முடிந்து நான் ஆரணிக்குப் போனேன். பட்டு நெசவாளர் ஏகாம்பரத்தின் வீட்டில் பக்கச்சுவர் முழுதும் விழுந்திருந்தது. ஒரு பக்கத்து ஓடுகளும் சரிந்திருந்தன. தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். "சர்வேயர் வந்திருக்காரு" என்றதும் தெருவே கூடிவிட்டது. நிலம் அளக்க வந்தவன், ரோட்டை அகலப்படுத்தப் போகிறான் என்று நினைத்து என்னை முறைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தைக் கவனிக்காமல் ஒருவர் மட்டும் ஓடுகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். கறுத்த, ஒல்லியான உடம்பு. காதில் பென்சில். ஒவ்வொரு ஓடாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டு இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கன்னியப்பன். சந்தவாசலிலிருந்து கொத்தனாராக வந்து, ஆரணியில் சின்னச் சின்ன வீடுகள் கட்டி, காண்ட்ராக்டர் என்று பெயர் எடுத்தவர். ஊரார் என்னவோ கடைசிவரை மேஸ்திரி என்றுதான் அழைத்தார்கள்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல ஓட்டத் தனியா எடுத்து வெக்கிறேன் சார். நல்லதுக்குக் காசு கேக்கக் கூடாது இல்ல?"

அவர் கொடுத்த எஸ்டிமேட்டில் அப்படியே இருந்தது. விழுந்த சுவருக்கு ஒரு விலை. விழாமல் ஊறிப்போன சுவருக்கு வேறு விலை. மறுபடி பயன்படும் ஓடு, மரம், செங்கல் எல்லாம் கழிவு என்று போட்டுக் குறைத்திருந்தார். இன்சூரன்ஸுக்குச் செலவு எழுதும் காண்ட்ராக்டர் தானாகக் கழிவு போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. இது என்ன புதுத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். பெரிய அரிச்சந்திரன் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, வழக்கம்போல் மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன். அந்தத் தொகைக்கு, "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தாலும் போட்டுத்தான் ஆகவேண்டும்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி வேலூருக்கே வந்துவிட்டார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எஸ்டிமேட் நகலை மேசைமேல் விரித்து வைத்தார்.

"சார், இதுல எந்த ஐட்டத்த வெட்டினீங்கன்னு சொல்லுங்க. அத மட்டும் கட்டாம வுட்டுர்றேன்."

"தனியாக எதையும் வெட்டவில்லை, மேஸ்திரி. மொத்தத்தில் குறைத்தது."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத்தம்னு ஒரு சுவரு கிடையாதுங்களே சார்" என்றார்.

நான் தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வேறு யாராக இருந்தாலும் சுண்ணாம்பைக் குறைத்து மணலைக் கூட்டிக் கலவையில் ஈடுகட்டியிருப்பார்கள். அவர் ஏழடி உயரம்வரை பக்கச்சுவரை ஒழுங்காகக் கட்டினார். அதற்குமேல் முகடுவரை போகும் முக்கோணத்தை அப்படியே திறந்துவிட்டுத் தென்னங்கீற்று வைத்துக் கட்டினார். "கலவையில கை வெச்சா மொத்த சுவரும் கெட்டுப்பூடும் சார். இப்ப மேல மட்டும்தான் பாக்கி. காசு வந்தா முடிச்சிடலாம்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அவருடைய பிடிவாதத்தையும் சொல்லாமல் விட்டால் இது பொய்யான அஞ்சலியாகிவிடும். மட்டமாக ஒரு சுவரை முழுதாகக் கட்டியிருந்தால் அந்த வீடு இன்னும் நாலு வருஷம் தாக்குப்பிடித்திருக்கலாம். அவருக்கு அப்படிக் கட்டத் தெரியாது.

கீற்றுக்கு ஈரத்தைத் தடுக்கத் தெரியாது. ஈரக்காற்றில் தறியின் நெடுக்கிழையான பட்டுப் பாவு தளர்ந்துபோகும். ஏகாம்பரம் ஒவ்வொரு மழைக்கும் தறியை நிறுத்திவிட்டு அடுத்தவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார். நான் அந்தக் கோப்பை மறுபடி திறக்கக் கேட்டு மேலே எழுதினேன். இறுதியாகத் தீர்ந்தது இறுதியாகத் தீர்ந்ததுதான் என்று பதில் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு புயல் மழை. திறந்திருந்த அந்த மேல்பாகம் வழியாகக் காற்று புகுந்து ஓட்டுக்கூரையைத் தூக்கிவிட்டது. எதிர்ப்பக்கச் சுவர் ஊறி உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் க்ளெய்ம், மறுபடியும் நான். மேஸ்திரி கட்டிய ஏழடிச் சுவர் மட்டும் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை அந்த வீடு முழுதாக எழும்ப வேண்டும் என்று தீர்மானித்தேன். ஏகாம்பரமும் அவர் மனைவி சரோஜாவும் பக்கத்தில் இருக்க, மேஸ்திரியிடம் சொன்னேன்: "உங்கள் கணக்கு எவ்வளவோ, அதில் பாதியை மேலே சேர்த்து ஒன்றரை மடங்காக எழுதிக் கொடுங்கள். நான் மூன்றில் ஒன்று வெட்டுகிறேன். உங்கள் கணக்கு அப்படியே வந்து நிற்கும்."

"நான் எழுதற கணக்க நீங்க நம்பறீங்களா சார்?"

"நம்புகிறேன்."

"அப்ப வெட்டாதீங்க."

"வெட்டாமல் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை, மேஸ்திரி" என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரோஜாதான் பேசினார். "உங்க நேர்மைய நாங்க கூரையா போட்டுகினு படுக்க முடியுமா மேஸ்திரி? மத்தவங்கள்லாம் எழுதல? எங்களுக்காக ஒரு வாட்டி எழுதுங்க."

அவர் எழுதினார். பொய் எழுதிப் பழகியவர்கள் அதைத் தூவுவார்கள். செங்கல்லில் கொஞ்சம், கூலியில் கொஞ்சம், சாரத்தில் கொஞ்சம். யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மேஸ்திரிக்கு அந்த வித்தை தெரியவில்லை. கூடுதல் முழுவதையும் உடைந்த ஓடு என்ற ஒரே வரியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். உலகத்திலேயே சுலபமாக எண்ணக்கூடிய பொருளில்! நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் மொத்தத்தை மட்டும் பார்த்தேன். மூன்றில் ஒன்றை வெட்டி அனுப்பினேன்.

அந்த வருஷம் பார்த்து, சில கோப்புகளை நேரில் சரிபார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். ஏகாம்பரத்தின் கோப்பும் அதில் ஒன்று. அவர் கூரையில் ஒரு வரிசைக்கு எத்தனை ஓடு, எத்தனை வரிசை என்று கணக்குப் போட்டார். காகிதத்தில் இருந்த ஓடுகளைக் கொண்டு அந்த வீட்டை இரண்டு தடவை போர்த்தலாம்.

ஏகாம்பரத்தின் வீட்டுக்கு முன்னால், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "யார் எழுதச் சொன்னது இதை?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பவில்லை. "நானே எழுதினதுங்க" என்றார்.

நான் அவருக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூன்று பெண்கள் எனக்கு, மூத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இங்கே எழுதலாம். அது காரணம் இல்லை. பயம்தான் காரணம்.

பொய் எஸ்டிமேட் என்று க்ளெய்ம் முழுவதும் தள்ளுபடியானது. உண்மையாக விழுந்த சுவருக்கும் ஒரு காசு வரவில்லை. வங்கி தன் காண்ட்ராக்டர் பட்டியலிலிருந்து கன்னியப்பன் பெயரை எடுத்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் கூட்டி எழுதிப் பிழைத்தார்கள். ஒரே ஒரு தடவை எழுதியவருக்குத்தான் மோசடிக்காரர் என்ற பெயர் வந்தது. அவர் மறுபடி கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு நாள் கூலிக்குப் போனார். ஏகாம்பரம் தறியை விற்றார். நான் அவர் பெயரில் இரண்டு முறை மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதச் சொன்னது நான்தான் என்ற ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. இரண்டும் கிணற்றில் போட்ட கல்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வந்தவாசி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார், அங்கே ஏதோ பூச்சு வேலை. என்ன பேசுவதென்று தெரியாமல், "எல்லாம் என்னால்தான்" என்று ஆரம்பித்தேன்.

"வுடுங்க சார். நீங்க சொன்னீங்க, எழுதினது என் கை."

"ஏன் மேஸ்திரி எல்லாவற்றையும் ஓட்டில் எழுதினீர்கள்?"

அவர் கொஞ்சம் சிரித்தார். "சுவருல எழுத மனசு வரல சார். சுவர நான் கட்டணும். ஓடு சூளைக்காரன் செய்யறது." பஸ் வந்தது. "ஜல்தியா போங்க சார், வெயில்ல நிக்காதீங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

புதன்கிழமை நான் போனபோது அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஏகாம்பரம்தான் முதலில் என்னைப் பார்த்தார். "வாங்க சார்" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை தாங்கமுடியவில்லை. "அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும் ஏகாம்பரம். எழுதச் சொன்னது நான் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏகாம்பரம் என் பக்கத்தில் குந்தினார். "நானு சொல்ல வந்தேன் சார், அன்னிக்கே. மேஸ்திரிதான் என் கையப் புடிச்சிகினாரு. 'சாரு வேலையில இருந்தாத்தான் என்னிக்காவது உன் வூட்டுக்கு எதனா பண்ணுவாரு. நீ வாய மூடிகினு இரு'ன்னாரு. நானும் இருந்தேன் சார். ரொம்ப வருஷம் இருந்தேன்."

அவர் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். உள்ளேயிருந்து மேஸ்திரியின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லி இன்னா சார் ஆவப் போவுது" என்றார்.

ஊர்வலத்தோடு சுடுகாட்டுக்கு நடந்தேன். சொந்தக்காரர்கள் முடித்த பிறகு, "வாய்க்கரிசி போடறவங்க எல்லாரும் போடலாம்" என்று குரல் கொடுத்தார்கள். வரிசையில் நின்றேன். சுண்ணாம்பு அரித்த அந்த விரல்களை மார்பின்மேல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அந்த வாய் அன்றைக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நான் இத்தனை வருஷம் சர்வேயர் இல்லை. என் பெண்களின் கல்யாணம், நான் இருக்கும் வீடு, தின்ற சோறு, எல்லாமே அது சொல்லாமல் விட்ட பெயரால் வந்தது. அந்த வாயில் நான் அரிசி போட்டேன்.

போய்வாருங்கள், மேஸ்திரி. என்னை இந்தச் சர்வேயர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போகிறீர்கள். உட்கார்ந்து அந்த வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை நான்.