பூசையில் வைத்த களிமண்

என் வருங்கால மாமனார் தானே சட்டிபானை செய்து வயிறு வளர்த்தவர். ஆனாலும் மண் மிதிக்கிறவனுக்குப் பெண் தரமாட்டேன், மாதச் சம்பளக்காரனுக்குத்தான் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானோ குயவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் அந்தக் குறையை எழுதிக் காட்டவும் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மலைக் கணவாயை ஒட்டிய சித்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்திய மானேஜர் கோயமுத்தூர்ப் பொருட்காட்சியில் பானை வனைவதைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு மண்பாண்ட வகுப்பு வைத்தே தீருவேன் என்று கிளம்பினார். வாத்தியாராக என்னைக் கூப்பிட்டார். விஜயதசமியன்று முதல் வகுப்பு. அது ஒப்பேறினால் சம்பளம், இல்லாவிட்டால் பெண்ணும் இல்லை.

குளத்து மண்ணை வெட்டி, கல் பொறுக்கி, ஊறவைத்து, மணல் சேர்த்து, கால் மரத்துப்போகும்வரை மிதித்தேன். புதிதாகப் பழகும் கைகளுக்கு அடங்கும்படி ஆளுக்கொரு உருண்டை பிடித்து ஈரச் சாக்கால் மூடினேன். சக்கரம், தட்டுப்பலகை, அறுக்கிற நூல் எல்லாம் தயார். மாமனாரிடம் முகூர்த்தம் கேட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அட்டமி சாயங்காலம் புத்தகங்களோடு என் கருவிகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். மண்ணையும் வைக்க வேண்டும் என்று மானேஜருக்கு அப்போது ஞானம் பிறந்தது. உருண்டைகள் வாழையிலையில் ஏறின. நாற்றமடிக்கும் சாக்கு சாமி முன்னால் ஆகாது என்று உருவிப் போட்டார்கள். ஒவ்வொரு உருண்டைக்கும் சந்தனமும் குங்குமமும் ஆயிற்று.

நான் மானேஜரிடம் ஓடினேன்.

"ஏனுங்க, பச்சை மண்ணுங்க. மூடாம வெச்சா தசமிக்குள்ள கல்லாயிருமுங்க. ரெண்டு கை தண்ணி தெளிச்சுக்கட்டுங்களா?" என்றேன்.

"பூசையில வெச்சதத் தொட்டா சாமி குத்தமாயிரும். உன்ற மண்ணச் சாமி பாத்துக்கும், போ," என்றார் மானேஜர்.

படத்திலிருந்த சாமிக்கோ வீணைக்கு இரண்டு கை, ஏட்டுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. தண்ணீர் தெளிக்க ஒரு கையும் ஒழிவில்லை. கணவாய்க் காற்று வேறு ஜன்னல் வழியே நேராக அடித்தது. நவமி முழுவதும் ஊரே வந்து கும்பிட்டுப் போயிற்று. நான் வாசலில் நின்று என் கல்யாணம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தசமி காலையில் பூசை முடிந்ததும் ஓர் உருண்டையை அழுத்தினேன். விரல் இறங்கவில்லை. உடைத்து மறுபடி ஊறவைக்கிறேன் என்றதும் மானேஜர் பதறிப்போனார். குங்குமம் வைத்ததை உடைப்பதா? பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து, ஆளுக்கொரு உருண்டையைப் பிரசாதமாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதுதான் முதல் வகுப்பு என்றார் மானேஜர். ஒருவன் சட்டையிலும் கறையில்லை, தரையில் சேறில்லை. இவ்வளவு சுத்தமாக மண்வேலை நடந்து அவர் பார்த்ததே இல்லையாம். அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, வகுப்பு இனிமேலும் இதேபோல் சுத்தமாக நடக்க வேண்டும். ஆகவே நான் கரும்பலகையில் பானை வரைந்தேன், பிள்ளைகள் சிலேட்டில் வரைந்தார்கள்.

தை மாதம் கல்யாணம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பெண் கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிது. பந்தியில் மாமனார் ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று சொல்லிக்கொண்டே போனார்: "மாப்பிள்ளை பானை வாத்தியாருங்க. மண்ணையே தொடறதில்லீங்க."