நிறமில்லாத வித்துகள்

செத்த கிளையின் மேல் இருப்பது அந்தக் கிளையைக் கொன்றதா, செத்த பிறகு வந்து சேர்ந்ததா? ஆனந்தவல்லி பிழைப்புக்காகக் கேட்டுவந்த கேள்வி இது. பிறகு அதுவே அவருடைய வாழ்க்கையின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் அவர் தாவரவியல் ஆசிரியை. பட்டுப்போன குச்சிகளில் கரும்புள்ளிகளாக முளைக்கும் பைப்பூஞ்சைகளுக்குப் பெயர் கண்டுபிடிப்பார். கடுகைவிடச் சிறிய புள்ளியைப் பிளேடால் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, வித்துகளின் நிறத்தையும் உள்ளே தடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய ஆய்வாளர் அல்ல. கவனமானவர் என்று சொல்லலாம். அந்தக் கவனம் ஒருமுறை தவறியது.

அய்யனார் கோவில் போகும் வழியில் அவருக்கும் அண்ணன் உக்கிரபாண்டிக்கும் பொதுவாக ஒரு மாந்தோப்பு இருந்தது. அண்ணன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பழ வியாபாரி பிச்சை முகம்மதுவிடம் வெகுகாலமாக இருந்த குத்தகையை ஒரு வருடம் வேறு ஆளுக்கு மாற்றினார். வாய்த்தகராறு ஆனது. மழையும் இல்லை. கோடையில் மேற்கு வரிசை மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. பிச்சை முகம்மது வேரில் ஆசிட் ஊற்றிவிட்டார் என்று அண்ணனுக்குச் சந்தேகம். ஒரு கிளையை வெட்டித் தங்கையிடம் கொடுத்தார்.

ஈரத்தாளோடு டப்பாவில் மூடிச் சில நாள் வைத்தால்தான் வித்துகள் முற்றும். அண்ணன் மறுநாளே வந்து நின்றார்.

"என்னட்டி, டிபன் பாக்ஸுல குச்சிய ஊற வச்சிருக்க? ஊறுகா போடப் போறியா?"

"பொறுண்ணே. இன்னும் முத்தல."

"பொறுத்தது போதும். மரத்தக் கொன்னது இதுதானா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

ஆனந்தவல்லி ஒரு புள்ளியைச் சீவிப் பார்த்தார். வித்துகளில் நிறமில்லை, தடுப்புமில்லை.

"செத்த மரத்துல சும்மா வந்து ஒட்டுறதுண்ணே. இது கொல்லாது."

"அப்பக் கொன்னவன் மனுசன்தான்."

அன்று சாயங்காலமே பிச்சை முகம்மதுவைக் கடையிலிருந்து வெளியே இழுத்துப்போட்டுக் கம்பால் அடித்தார். இடுப்பெலும்பு நொறுங்கியது. அவர் பிறகு எழுந்து நடக்கவில்லை.

மறந்துபோன டப்பாவை ஆனந்தவல்லி திறந்தபோது கிளையெங்கும் கரிபோலப் பூத்திருந்தது. வித்துகள் இப்போது பழுப்பாக, நடுவில் தடுப்போடு இருந்தன. உயிருள்ள மரத்துக்குள் சத்தமில்லாமல் குடியிருந்து, மரம் தண்ணீருக்குத் தவிக்கும்போது கொல்லும் ஜாதி அது. அன்று பார்த்ததும் இதே வித்துகளைத்தான், முற்றாத நிலையில். யாரும் ஆசிட் ஊற்றவில்லை.

அண்ணனிடம் சொன்னார்.

"வாய மூடு. ஆசிட்டுன்னுதான் வக்கீல் கேஸையே கட்டியிருக்காரு. நீ பேசினா நான் உள்ள போயிருவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆனந்தவல்லி பேசினார். அண்ணன் சிறைக்குப் போனார். வெளியே வராந்தாவில் பிச்சை முகம்மதுவின் மனைவி ரஹ்மத் பீவி அவரை நிறுத்தினார்.

"டீச்சரம்மா, அன்னைக்கே பொறுத்துப் பாத்துச் சொல்லியிருந்தா எங்கவிய இன்னைக்கு நடந்து வந்திருப்பாவ."



அதன்பின் தளவாய்புரம் வரையிலிருந்து விவசாயிகள் காய்ந்த கிளைகளை ஆனந்தவல்லியிடம் கொண்டுவந்தார்கள். டப்பாவில் முற்றவிடாமல் அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை. முற்றியதும் இதே பூஞ்சை என்றால், "கறுப்பு ஓடின எடத்துக்குக் கீழ வெட்டி எரிச்சிருங்க. விட்டா மழையில தெறிச்சுப் பக்கத்து மரத்துக்கும் போயிரும்," என்பார்.

அண்ணன் விடுதலையாகி வந்ததும் தோப்பைப் பிரித்தார்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். செத்த மரங்கள் நின்ற மேற்குப் பக்கத்தை ஆனந்தவல்லி கேட்டு வாங்கினார். ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை, எரிக்கவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு வேலிக்கு அப்பால் அண்ணனின் பச்சை மரங்களில் ஒன்று நுனி கருகியது.

"ஊருக்கெல்லாம் வெட்டச் சொல்லுத. ஒன் மரத்த மட்டும் ஏன்ட்டி வச்சிருக்க?" என்று அவர் வேலியோரம் நின்று கத்தினார்.

ஆனந்தவல்லி அந்தக் கருகிய நுனியை ஒருமுறை பார்த்தார்; கேட்டைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். செத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன.