மெதுவா வாங்க, படகு நிக்குது

அந்தப் படகுத்துறையில் அவளுக்கு மைக்கம்மா என்றுதான் பெயர். சம்பளத்தாளில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து தேடுவாள். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள், தலை பாதி நரைத்த பிறகும் அதே பலகை அறையில், அதே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் படகு எப்போது புறப்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சலூன் வைத்திருக்கும் அவள் கணவர், "வீட்டுல கத்தினா காசு கிடையாது, அங்க கத்தினா மாசாமாசம் குடுக்கறாங்க. கெட்டிக்காரி" என்று முடிவெட்ட வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். பொய்யில்லை. அறிவிப்புச் செய்கிறாளா, அடுப்படியிலிருந்து பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத தொண்டை அவளுக்கு.

எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்கிற பழக்கமும் கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பாள். இரண்டாவது வரியிலேயே கண் ஜன்னலுக்குப் போய்விடும். "சைக்கிள் தம்பி, இறங்கித் தள்ளிட்டு வா, பலகை ஈரமா இருக்கு." "வெள்ளைச் சட்டை சார், போனை அப்புறம் பார்க்கலாம், உங்க பாப்பா அந்தப் பக்கம் போகுது." மேலாளர்கள் வந்தார்கள், கண்டித்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவள் அப்படியேதான் இருந்தாள்.

கடைசி நேரத்தில் நடைபாலத்தில் தலைதெறிக்க ஓடி வருகிறவர்களுக்கு என்று ஒரு வரி வைத்திருந்தாள். "மெதுவா வாங்க, படகு நிக்குது." இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, உத்தரவு. அந்த வரி கேட்டுவிட்டால், ஓடி வருகிறவர் ஏறும் வரைக்கும் படகிலிருக்கும் ரோப்புக்காரப் பையன் கயிற்றை அவிழ்க்க மாட்டான். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அவன், பக்கத்து டிக்கெட் கவுண்டர்க்காரரின் தம்பி. மைக் அறைக்கும் கவுண்டருக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்றுதான். அண்ணன் பேசவே காசு கேட்கிற ரகம். தம்பி வாய் ஓயாத ரகம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

அந்த வரியை அதிகம் வாங்கியவள் குடைக்காரி. அக்கரையில் ஒரு தையற்கடையில் வேலை செய்கிற பெண். மழையோ வெயிலோ, மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி ஓடி வருவாள். ஒருநாளாவது நேரத்துக்கு வந்தாள் என்பது கிடையாது. மைக்கம்மாவுக்கு அவள் பெயர் தெரியாது, வீடு தெரியாது. காலையில் அந்தக் குடை தெரிந்தால் கை தானாக மைக் சுவிட்சுக்குப் போகும், அவ்வளவுதான்.

மழை விட்ட ஒரு காலையில் அந்தப் படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. ஏற்றக்கூடாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பலபேர் போய்விட்டார்கள். ரோப்புக்காரப் பையனும் போய்விட்டான். இதற்கு மேல் அதை விவரிக்க எனக்கு மனசில்லை. விவரிக்கிற வேலையை டிவிக்காரர்கள் ஏற்கனவே வேண்டிய மட்டும் செய்துவிட்டார்கள்.

அவர்கள் கையில் ஒரு வீடியோ கிடைத்திருந்தது. படகிலிருந்த யாரோ ஒருவர், புறப்படுவதற்கு முன்னால் கரையைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நெரிசலான தலைகள், கொஞ்சம் வானம். பின்னால் மைக்கம்மாவின் குரல்: "குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்ற தங்கச்சி, மெதுவா வாங்க, படகு நிக்குது." அத்தோடு வீடியோ முடிந்துவிடும்.

குடையையும் தங்கச்சியையும் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் போட்டார்கள். ஒரு சானல் அதற்குப் புல்லாங்குழல் சேர்த்தது. சும்மா இருக்குமா இன்னொன்று? வயலின் சேர்த்தது. மூன்றாவது சானலில் நாலு பேர் உட்கார்ந்து, யாருக்கு அதிக வருத்தம் என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் சண்டை போட்டார்கள். இந்த ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாத ஊர்களில் எல்லாம் மெழுகுவத்தியால் 'படகு நிக்குது' என்று எழுதிக் கும்பிட்டார்கள். பனியனில்கூட அச்சடித்து விற்றார்கள். அழுதவர்கள் எல்லாம் பொய்யாக அழுதார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முன்பின் தெரியாதவர்களுக்காக ஒருத்தர் கண் கலங்குவது நல்ல விஷயம்தான். ஆனால் அழுவதற்கு அவர்களுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி எங்கேயோ சோறு வடித்துக்கொண்டிருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மரணத்துக்கு அழைத்த குரல்" என்று ஒரு சானல் அதற்குப் பெயர் வைத்தது. சலூனில் அதைப் பார்த்த கணவர் டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டார். பாதிச் சவரத்தில் இருந்தவர், "என்னப்பா, பார்த்துக்கிட்டிருக்கோம்ல" என்றார். "பார்க்கணும்னா வீட்டுல போய்ப் பாருங்க" என்று சொல்லி அவர் மீதிக் கன்னத்தை வழித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஆனால் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மற்றதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். குடைக்காரிதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டாள். தன் பாட்டுக்கு ஓடி வந்தவளை, படகு நிக்குது வா என்று கூப்பிட்டு ஏற்றிவிட்டது யார்? சொல்லி முடித்த அந்த நிமிடம் அக்கரையிலிருந்து போன் அடித்தது. அவள் திரும்பி அதை எடுத்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது படகும் இல்லை, நடைபாலத்தில் குடையும் இல்லை. ஏறாமல் எங்கே போயிருப்பாள்?

துறையின் வாசலில் இறந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குடைக்காரி இல்லை. ஆனால் படம் கிடைக்காதவர்கள் என்று சிலருக்கு வெறும் பூவை வைத்திருந்தார்களே, அதில் ஒருத்தியாக இருந்தால்? தையற்கடைக்குப் போய்க் கேட்டுவிடலாம். சுற்றுவழியில் பஸ் போகிறது. இரண்டு முறை கிளம்பி, பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பிவிட்டாள். கேட்காதவரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் அல்லவா?

அதோடு தொண்டையும் போயிற்று. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். வீட்டில் கிசுகிசுத்த குரலில் பேசிக்கொண்டு வளைய வந்தாள். "கொஞ்சம் கத்தேன், வீடு வீடு மாதிரியே இல்ல" என்று கணவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் படகுப் போக்குவரத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். புதுப் படகு, எண்ணித்தான் ஏற்றுவது என்று புதுக் கண்டிப்பு. அன்று சாயங்காலமே துறையில் நினைவஞ்சலி, நேரடி ஒளிபரப்பு. அறிவிப்புக்கு, மாவு அரைக்கிற மாதிரி ஒரே சீராகப் பேசும் ஒரு பெண்ணின் பதிவுக் குரலை மெஷினில் போட்டு வைத்திருந்தார்கள். மைக்கம்மாவின் வேலை சுவிட்சைத் தட்டுவது மட்டும்.

காலையிலேயே டிவியிலிருந்து ஒரு பெண் வந்து அறை வாசலில் நின்றாள். சின்னப் பெண், மரியாதையான பெண்ணும்கூட. வெளியே நடைபாலம் நெடுக ஆட்கள் சாயங்காலத்துக்கான மெழுகுவத்திகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சாயங்காலம் எல்லா விளக்கையும் அணைச்சுடுவோம், அக்கா. இருட்டுல உங்க குரல் மட்டும் வரணும். அந்த ஒரு வரி. நாடே கேட்கும்."

"எனக்குத் தொண்டை சரியில்லம்மா."

"அதுதான் வேணும், அக்கா! கம்மின குரல்ல சொன்னா இன்னும் நல்லா இருக்கும். இப்ப ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கவுண்டர்க்காரர் இருமினார். அவரிடமும் இந்தச் சானல்காரர்கள் போயிருந்தார்கள். மனுஷன் அழவில்லை. கேமரா முன்னால் மரம் மாதிரி நின்றார். சும்மா நிற்கிறவரைக் காட்டி என்ன செய்வது என்று நகர்ந்துவிட்டார்கள். அவர் தம்பியின் படத்தை மட்டும் தினமும் காட்டினார்கள். ஸ்டூடியோவில் கோட்டுப் போட்டு எடுத்தது. கீழே 'கடமையில் கரைந்த மௌன வீரன்' என்று எழுத்து. "கோட்டு ஸ்டூடியோக்காரனோடது. மௌனமாம்! அவன் தூக்கத்துலகூடப் பேசுவான். யாரோ ஒருத்தனுக்கு அழச் சொல்றாங்க, எனக்கு வரலம்மா" என்று ஒருநாள் மைக்கம்மாவிடம் சொல்லியிருந்தார். ஒரு மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

முதல் படகு புறப்பட இருந்தது. மெஷின்காரி கனிவான கவனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மைக்கம்மா பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்தாள்.

நடைபாலத்தின் அந்தக் கோடியில் ஒரு குடை.

மடக்கிய குடை. யாரையோ அடிக்கப் போகிற மாதிரிப் பிடித்த குடை. மெழுகுவத்திகளைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டு, எதிரில் நின்றவர்களை இடித்துக்கொண்டு, வழக்கம்போலத் தாமதமாக.

மைக்கம்மாவின் கை மெஷினை அணைத்தது. "ஏ குடைக்காரத் தங்கச்சி!" என்று துறையே அதிரக் கத்தினாள். "மெதுவா வா! மெழுகுவத்தி தடுக்கி விழுந்து வைக்காத! மெதுவா வா, படகு நிக்குது!"

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளேயிருந்து ஒருவர், "நின்னது போதும் மைக்கம்மா, கிளப்பச் சொல்லு, வேலைக்கு நேரமாச்சு!" என்று கத்தினார். படகு முழுக்கச் சிரிப்பு. பொத்திய கையை எடுக்காமலே அந்த அம்மாவும் சிரித்தாள்.

"ஐயோ, அக்கா, சூப்பர்!" என்று டிவிப் பெண் பரபரத்தாள். "கேமரா ஆன்ல இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்க, ப்ளீஸ். கொஞ்சம் மெல்ல, கொஞ்சம் சோகமா."

"சோகமா வராதும்மா" என்றாள் மைக்கம்மா. தொண்டை வெண்கலம் மாதிரி இருந்தது. "இன்னிக்குச் சாயங்காலமும் வராது. நீ போய் வேற வேலையைப் பாரு, கண்ணு." அந்தப் பெண் மெழுகுவத்திகளைப் படமெடுக்கப் போனாள்.

குடைக்காரி படகுக்குப் போகாமல் நேரே அறைக்கு வந்து, மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே படகு அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

"அக்கா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். துறையைப் பூட்டிட்டாங்க, நான் சுத்துவழி பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். நேத்து கடை டிவில முழு வீடியோவும் போட்டாங்க. குடைன்னு கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் செத்துட்டேன்னு இந்த அக்கா நினைச்சுக்கிட்டிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

மைக்கம்மா அவள் இரண்டு கையையும் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது. யாருடைய உயிர் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

"ஏறலையா நீ? நான் கூப்பிட்டேனே!"

"நீங்க கூப்பிட்டீங்க, ரோப்புக்காரத் தம்பி விடலையே! ஒரு காலைப் பலகை மேல வச்சுட்டேன். குறுக்க கையை நீட்டிட்டான். 'இப்பவே நிரம்பி வழியுது, உன்னை ஏத்த மாட்டேன், அடுத்ததுல வாக்கா'ன்னான். மைக்கம்மாவே நிக்குதுன்னு சொல்லிட்டாங்கடான்னேன். 'அவங்க ஜன்னல்லேருந்து சொல்வாங்க, நான்ல இங்க நிக்கறேன்'னு கயித்த அவுத்துட்டான். வந்த கோவத்துல அப்படியே திரும்பி பஸ்ஸுக்குப் போயிட்டேன். போறப்ப அவனை வாய்க்கு வந்தபடி..." அவள் சட்டென்று நிறுத்தினாள். "பாவி, செத்தவனை நான்..."

ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கவுண்டர்க்காரர் அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தத் தம்பியோட அண்ணன்" என்றாள் மைக்கம்மா மெல்ல.

குடைக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, மன்னிச்சுடுங்க, தெரியாம..."

"என்னன்னு திட்டினே?"

"வேண்டாண்ணே."

"சொல்லும்மா. விடாம, அப்படியே சொல்லு."

அவள் மைக்கம்மாவைப் பார்த்தாள். மைக்கம்மா தலையாட்டினாள். குடைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெரிய கப்பல் கேப்டன் நீ! ஒரு முழம் கயித்தப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு திமிரா? இந்த மூஞ்சிக்கு எவளும் பொண்ணு குடுக்க மாட்டா, பாத்துக்கோன்னேன்."

"அதுக்கு அவன் என்ன பண்ணான்?"

"படகு நகந்துடுச்சு. அங்கேருந்து ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு, நாக்கைத் துருத்திக் காட்டினான். 'நாளைக்காவது சீக்கிரம் எழுந்திரி'ன்னு கத்தினான்."

கவுண்டர்க்காரர் முகத்தில் ஏதோ அசைந்தது. "காதைப் பிடிச்சுக்கிட்டா?"

"ரெண்டு காதையும், அண்ணே."

"அவன்தான்" என்றார். "அவனேதான். சின்னப் பிள்ளையிலேருந்து எங்கிட்டயும் அப்படித்தான் செய்வான்." சிரிக்க ஆரம்பித்தார். ஒரு மாதமாக அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்குவதைப் பார்த்தபோதுதான் அது சிரிப்பில்லை என்று இரண்டு பெண்களுக்கும் புரிந்தது. குடைக்காரி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் அவர், துடைக்காத கண்ணோடு. "மொதல்லேருந்து."

வெளியே அடுத்த படகு துறைக்கு வந்து, கவுண்டரில் வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ சில்லறையால் பலகையைத் தட்டினார்கள். நடைபாலத்தில் கேமரா மெழுகுவத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தச் சத்தத்துக்கும் திரும்பிவிடும் போலிருந்தது. மைக்கம்மா காலால் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"டிக்கெட்டுக்கு நிக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க. கவுண்டர் அண்ணனுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. யாரும் பதற வேண்டாம். மெதுவா வாங்க, படகு நிக்குது."