காற்றுக்கு விட்ட வழி

பந்தல் போடுவது என் தொழில். ஆனி, ஆடிக் காற்றில் சங்கரன்கோவிலில் நான் போட்ட பந்தல் எதுவும் இதுவரை சாய்ந்ததில்லை. பொம்பளைக்கு இவ்வளவு பெருமையா என்பவர்கள் முதலில் ஒரு கம்பை ஒழுங்காக நட்டுவிட்டு வந்து பேசட்டும்.

எங்கள் காற்று கேரளத்திலிருந்து வருகிறது. மலை குறுக்கே நிற்பதால், செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய்க்குள் முண்டியடித்து நுழைந்து இந்தப் பக்கம் பாய்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் பீய்ச்சியடிக்குமே, அதே கதைதான். ஊருக்குள் வந்த பிறகு, கிழமேலாகப் போகும் சந்துகளிலும் அந்த வேலையைக் காட்டும். வெளியே போக வழி இருந்தால் பேசாமல் போய்விடும். அடைத்தால் கூரையைத் தூக்கும்.

என் தங்கை கல்யாணம் ஆனியில், இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டுச் சந்தில் நடந்தது. பந்தலின் கிழக்குக் கோடியைத் திறந்தே விட்டிருந்தேன். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அங்கே சுவருக்குச் சுவர் ஒரு பிளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். மேல் வரிசையில் அவர்கள் சொந்தக்காரர்கள், முதல் ஆளாக மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் மீசையே முழ நீளம் இருந்தது.

காற்று அடைபடும், இறக்கிவிடுங்கள் என்று அவரிடமே கேட்டேன். கல்யாணத்தன்று படத்தை இறக்குவது அபசகுனம் என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும் தலையாட்டினார். புதுச் சம்பந்தம். தங்கையின் முகத்தைப் பார்த்து அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது பந்தியில் காற்று வந்தது. பிளெக்ஸ் வயிறு புடைத்தது. தார்ப்பாய் எழும்ப, கம்புகள் குழியை விட்டு மேலே கிளம்பின. கீழே சந்து நிறைய ஆட்கள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கயிறெல்லாம் இறுகிப்போனதில் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. சமையல்காரரின் கத்தியை வாங்கிக்கொண்டு பெஞ்சில் ஏறினேன். தங்கையையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு, மேல் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கிழித்தேன். பெரியப்பா, சித்தப்பா, மாமன் மீசை எல்லாம் போயிற்று. காற்று வெளியேறியது. கம்புகள் குழிக்குள் இறங்கின.

கத்தியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன். தங்கை வாழப்போகிற வீட்டில் முதல் நாளே பகையைத் தேடிக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். ஒரு கம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

“வாற ஞாயித்துக்கிழம எங்க வீட்ல ரிசப்ஷன். அங்கனயும் இதே காத்துதான். நீயே வந்து பந்தல் போடு மக்கா,” என்றார்.

மாப்பிள்ளையின் ஊரான சிவகிரிக்குப் போய்ப் போட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் எங்க அக்கா போட்டது என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்க எனக்குத் திகட்டவில்லை. அங்கேயும் ஒரு பிளெக்ஸ் இருந்தது. நான் சொல்லாமலே மேலே காற்றுக்கு இடம் விட்டிருந்தார்கள். மாமனைக் கீழ் வரிசைக்கு இறக்கியிருந்தார்கள்.