அத்தா கொடுத்துவிட்ட அக்கார்டியன்

அத்தா மௌத்தானபின் அம்மா நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்தது. மறுநாள் காலை எங்காவது கூட்டிப்போகச் சொல்வாள் என்று நினைத்துக் காரைக் கழுவி வைத்திருந்தேன். அவளோ, "அத்தாவோட அக்கார்டியன் யாருகிட்ட இருக்குன்னு தேடிப் பாரும்மா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டைவிட்டுப் போன பொருள் அது. அத்தா பகலில் துறைமுகத்தில் கிளார்க், ராத்திரியில் கல்யாண வீடுகளில் அக்கார்டியன். ஹஜ்ஜுக்குக் கிளம்பும் முன், அத்தாவும் அம்மாவும் தெரிந்தவர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, தெரியாமல் செய்த தப்புக்கெல்லாம் மாப் கேட்டார்கள். அந்த வாரம்தான் அம்மா அவரிடம், ஹாஜியாகித் திரும்பி வருகிறவர் மேடையில் உட்கார்ந்து பாட்டு வாசித்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அக்கார்டியன் பெட்டி வீட்டில் இல்லை. கொடுத்துவிட்டேன் என்றாராம். யாருக்கு என்று இவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"ஊரெல்லாம் மாப் கேட்டேன். அவருகிட்ட அதுக்குக் கேக்கல. கேக்காமலே அவர அனுப்பிட்டேன்" என்றாள் அம்மா. இத்தா நாட்களில் உட்கார்ந்து உட்கார்ந்து இதையேதான் நினைத்திருக்கிறாள். நான் கார் சாவியை எடுத்தேன்.

அத்தாவுடன் மேடையில் பாடியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். ஜார்ஜ் டவுனிலேயே, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் மகனுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். குரல் போய்விட்டது, பேச்சு போகவில்லை. ஒரு தே தாரிக் டீ ஆறும்வரை பழைய கல்யாணங்களைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "எங்க செட்டுத் தபேலாக்காரர்கிட்ட கேளு. அக்கரைல, மாக் மண்டின்ல காருக்குச் சாயம் அடிக்கிற பட்டறை வச்சிருக்காரு."

பாலத்தில் ஜாம். பட்டறையைக் கண்டுபிடிப்பதற்குள் எரிச்சல் தலைக்கேறிவிட்டது. தபேலாக்காரர் என்னைப் பார்த்ததும், "பாய் மக தானே? ஜனாசா அடக்கத்துக்கு வந்திருந்தேன், அன்னைக்கு உங்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியல" என்றார். ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில், சாயத்தூசி படாமல் ஒரு கைலியில் சுற்றி அக்கார்டியன் இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட கைலி. போன பெருநாளைக்கு அத்தாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு, அங்கிள்?"

"அவரே கொண்டு வந்தாரும்மா. பழசு கிழிஞ்சிடுச்சுன்னு." கொஞ்சம் தயங்கினார். "ஞாயித்துக்கிழமை காலைல வருவாரு. பட்டறை லீவு, யாரும் இருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசிப்போம். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாங்கன்னு சொல்ல வேணாம்ன்னாரு. உடம்பு முடியாம போற வரைக்கும் வந்தாரு, லா."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி புக்கிட் மெர்தாஜாம் பாசாரிலிருந்துதான் வரும். ஜார்ஜ் டவுனில் ஆடே இல்லாத மாதிரி, அத்தா ஃபெர்ரி ஏறி இந்த அக்கரைக்கு வந்து வாங்கிப் போவார். அந்த இறைச்சி வேகவே வேகாது. அம்மா வாரா வாரம் திட்டிக்கொண்டே சமைப்பாள், அத்தா வாரா வாரம் நல்லா இருக்கு என்று சாப்பிடுவார். இறைச்சி வெறும் சாக்கு என்று புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் வாசித்து நான் ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை.

பெட்டியைத் தோளில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். ஆடு கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. தபேலாக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். மறுபடி கைலியில் சுற்றி, கார் வரைக்கும் அவரே தூக்கி வந்து, பின் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கும். ஆனால், வாழ்நாள் முழுக்க அவர் மறைத்தார் என்பதும் தெரிந்துவிடும். சொல்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் அவள் குமைந்து குமைந்தே போய்விடுவாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அம்மா கைலியைப் பிரிக்காமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆட்டிறைச்சிக் கதையையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

"அப்ப வாசிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்றாள். முகம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு வெகுநேரம் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நாலு பேருக்குப் பயந்துதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். அவரு வாசிக்கிறது எனக்கு அவ்வளவு புடிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமையாச்சும் என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம், லா."