கயிறில்லாத ஐந்து படகுகள்

துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர், முழங்கால் தேய்ந்தபின் ஓவியக் கூடத்தில் காவலாளியாகச் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த அறையில் ஒரே ஓவியம்தான். திறந்த ஜன்னல், அதற்கு வெளியே துறைமுகம். கடல் ரோஜா நிறம், வானம் பச்சை, ஐந்து படகுகளும் இழுத்துவிட்ட சிவப்புத் தீற்றல். அதையெல்லாம் மனிதர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார். ஆனால் ஒரு படகுக்காவது கயிறு உண்டா என்றால் இல்லை. அதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

வருகிறவர்களைப் பிடித்துவைத்து, எந்தப் படகை எங்கே கட்டியிருக்க வேண்டும், காற்று திரும்பினால் எது எதை இடிக்கும் என்று விலாவாரியாகச் சொல்லுவார். வீட்டிலும் அதே புராணம்தான்.

"வரைஞ்சவர் செத்து எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் அவரை விடமாட்டேங்கிறீங்களே" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் மாணவர்களோடு வந்த பேராசிரியை, கயிறில்லாததுதான் இந்த ஓவியத்தின் உயிர், அது விடுதலையைக் குறிக்கிறது என்று விளக்கினார். நம் ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கட்டாத படகுக்கு விடுதலைன்னு பேர் இல்லீங்கம்மா. காலையில வந்து பார்த்தா இருக்காது, அவ்வளவுதான்."

மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியை நேரே மேலாளரிடம் போனார். மறுநாளே நம் ஆளைப் பழைய பானைகள் இருக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பானைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. அந்தப் படத்தைப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவிகூடக் கிண்டலை நிறுத்திக்கொண்டாள்.

மேலாளருக்கு வேறு தலைவலி. புதுக் காவலாளி வாயே திறப்பதில்லை. முன்பு கால்மணி நேரம் நின்று, குனிந்து குனிந்து கயிறு தேடியவர்கள், இப்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். பத்தாம் நாள் மேலாளரே பானை அறைக்கு வந்தார்.

"உங்க இடத்துக்கே போயிடுங்க. அந்தம்மா வந்தா மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

நம் ஆள் முழங்கால் வலியை மறந்து ஓட்டமும் நடையுமாகப் போய், படகுகளை எண்ணினார். ஐந்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் இத்தனை நாள் தப்பிய ஒன்று தெரிந்தது. விரியத் திறந்த அந்த ஜன்னல் கதவுகளுக்குக் கொக்கி இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.