ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு

பங்குச் சாமியார் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போய் நாலு நாளாகிவிட்டது. "பாடுற பிள்ளைக எல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சுக சார். பெரிய வெள்ளிக்கு இதையே கோயில்ல போட்டுரலாமா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். நான் பேராலயப் பாடகர் குழுவை நடத்திய காலத்தில், ஆண்டவரின் பாடுகளை முழுநீள இசைக்கோவையாகப் பாடிக் கேசட்டில் பதிந்ததன் நகல் அது. எனக்கோ சர்க்கரை, முழங்கால் வலி. ஆயுசுக்கும் பேப்பர் திருத்தியாயிற்று, இதற்கும் மார்க் போட வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது.

சாமியார் தலை மறைந்ததும் என் மனைவி, "அதப் போட்டா நான் கோயிலுக்கு வரல" என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற பஸ்களின் ஹாரன் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஆண் குரல்கள் இழுவை. சில இடங்களில் ஆர்கன் பாட்டையே முழுங்கியது. பரவாயில்லை, போடலாம். கேசட்டின் ஏ பக்கக் கடைசியில், சிலுவையடியில் மாதா அழுகிற பாட்டு. பாடியது என் மனைவி. கடைசி அடியில் அவளுக்கு மூச்சு அறுந்து குரல் உடையும். அன்றைக்கே குழு முழுக்க நிற்க, "மூச்சப் பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு மைக்கு?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் தனியாகப் பாடவேயில்லை. போன வருஷம் தைராய்டு ஆபரேஷனில், இருந்த குரலும் போய்விட்டது.

ஹெட்போனில் வேறொன்றும் கேட்டது. நான் மர ஸ்கேலால் ஸ்டாண்டில் தட்டிய தாளம். அந்தப் பாட்டின் பாதியில் தட்டு வேகமெடுக்கிறது. அடப்பாவி! டேப் முடியப்போகிறது என்று ஒலிப்பதிவுக்காரர் கையைக் காட்டியதும், பாட்டை அந்தப் பக்கத்துக்குள் அடக்க நான்தான் விரட்டியிருக்கிறேன். அவள் மூச்செடுக்க இடமே விடவில்லை. மூன்று முறை போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை. வெட்கமாக இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டுல தப்பு என்னுதுதான். நான்தான் வேகமா ஓட்டிட்டேன்."

"தெரியும்" என்றாள், காற்றாய்ப் போன குரலில். நிமிரவில்லை.

"மன்னிச்சுரு."

கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்தாள்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீக. இன்னைக்கு அடுப்படியில வந்து சொல்றீகளே."